மெடியா கடைசியில் சாக வேண்டுமா? யோசனை சொல்லுங்கள்

குடமுருட்டிக்கரை:
திருவையாறு பக்கம் எங்கள் ஊர். சம்பா அறுப்பு முடிந்ததும் கோயில் திடலில் பழைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் 'மெடியா' நாடகம் போடுகிறோம். மெடியா, கணவன் ஜேசனுக்காகப் பிறந்த மண்ணையே விட்டு வந்தவள். அவனோ கொரிந்த் என்ற கிரேக்க நகரத்து அரசன் மகளைக் கட்டிக்கொள்கிறான். நஞ்சு தடவிய ஆடையைத் தன் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பி மணப்பெண்ணைக் கொல்கிறாள். அப்புறம் அந்த இரண்டு பிள்ளைகளையும்.

ஒத்திகை பார்த்த பெரியவர்கள், "அவள் மட்டும் எப்படி உயிரோடு போவாள்?" என்கிறார்கள். ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட நல்லதங்காள் தானும் விழுந்தாளே! அந்தக் கதை கேட்டு வளர்ந்தவர்கள். மெடியாவையும் ஆற்றில் இறக்கிவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மெடியாவாக நடிப்பவர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். "விழுந்துட்டா எனக்குச் சுலபம்ணே, உயிரோட நிக்கிறதுதான் கஷ்டம்" என்றார். அன்றிலிருந்து தூக்கமில்லை. மாற்றலாமா?

வெண்ணாறு:
தம்பி, முடிவில் கை வைக்காதீர்கள். சூரியன் அவளுக்குத் தாத்தா. அவர் தந்த தேரில் பிள்ளைகளின் உடல்களோடு மேலே நிற்கிறாள். ஒரு தடவை தொட்டுக்கொள்கிறேன் என்று ஜேசன் கீழிருந்து கெஞ்சுகிறான். புதைக்கக்கூடத் தரமாட்டேன் என்கிறாள். அவளைக் கொன்றுவிட்டால் இந்தக் காட்சியே போச்சு. கி.மு. 431-ல் ஏதென்ஸில் டயோனிசஸ் என்ற கடவுளுக்கு எடுத்த விழாவின் நாடகப் போட்டியில் மூன்று பேரில் யூரிப்பிடீஸுக்கு மூன்றாம் இடம்தான். உங்கள் திடலில் நாலு பேர் எழுந்து போனாலும் தளர வேண்டாம்.

பின்பாட்டுக்காரி:
கொலையை மேடையில் காட்டாதீர்கள். மூலத்தில் கதவுக்குள்ளே நடக்கிறது. பிள்ளைகளின் அலறல் மட்டும் வெளியே கேட்கும். கொரிந்தியப் பெண்கள் உள்ளே போகலாமா என்று தவித்தபடி வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த இடத்துக்கு உங்கள் ஊர் நடவுப் பெண்களை நிறுத்துங்கள். ஒப்பாரி தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் பிள்ளைகள் கத்தும்போது யாரும் பாடக் கூடாது, பறையும் அடங்கட்டும்.

குடமுருட்டிக்கரை:
ஐயா, அக்கா, நன்றி. நேற்று ராத்திரி அப்படியே செய்து பார்த்தோம். பறை நின்றதும் திண்ணையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து கதவைத் தட்டப் போய்விட்டார். ஆற்றில் இறக்கச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். சரி, மெடியா போகட்டும். தேருக்கு டிராக்டர் டிரெய்லர் மேல் மூங்கில் பரண் கட்டுகிறோம். ஜேசனாக நடிப்பவர் நல்ல உயரம், கை நீட்டினால் எட்டிவிடுகிறது. இன்னும் இரண்டு அடி தூக்க வேண்டும்.