பிடிஎஃப் ரீடருக்குப் பேட்ச் போட்ட பிறகும் பாதுகாப்பு ஸ்கேனில் அதே ஓட்டை: அவசர உதவி தேவை

வலைக்காவல்
பேட்ச் (பாதுகாப்பு ஓட்டையை மூடும் அப்டேட்) போட்டாச்சு, ஆனாலும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 14 கணினிகள் சிவப்பிலேயே நிற்கின்றன. ஓட்டையின் பதிவு எண் சிவிஇ-2023-26369. மெமரி ஓட்டை, உடனே மூடு என்கிறார்கள். ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டேன். நாளை காலை தணிக்கை. என்ன செய்வது?

மாறன்07
எந்த ரீடர்? விண்டோஸா, மேக்கா? ரீடரைத் திறந்து உதவி மெனுவில் பார்த்தால் என்ன வெர்ஷன் காட்டுகிறது?

தறி
எனக்கு ஸ்கேனர் மேல்தான் சந்தேகம். பழைய வெர்ஷனை நீக்கினாலும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதியும் இடம்) சில நேரம் அதன் பதிவு தங்கிவிடும். ஸ்கேனர் அதைப் படித்துவிட்டுக் கத்தும். அந்தப் பதிவை அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

நிலா_எழில்
ரீடரில் ஜாவாஸ்கிரிப்டை (பிடிஎஃபுக்குள்ளும் ஓடக்கூடிய நிரல்மொழி) அணைத்துவிடுங்கள். பிடிஎஃப் தாக்குதல் எல்லாமே அது வழியாகத்தான் வருகிறது. பேட்ச் நிதானமாகப் போடலாம்.

பழையவேர்
வெர்ஷன் எண்ணே வரவில்லை, அதற்குள் மருந்து எழுதியாகிவிட்டது. இங்கே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்: "பேட்ச் போட்டேன்" என்பது தகவலே ஆகாது. கணினியில் இப்போது எந்த எண் இருக்கிறது என்பதுதான் தகவல்.

இந்த ஓட்டை என்னவென்றாவது படித்தீர்களா? மெமரியில் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி ரீடர் எழுதிவிடுகிறது. அதற்கென்றே செய்த கோப்பை ஒருவர் திறந்தால் போதும், தாக்குபவரின் நிரல் ஓடும். 2023 செப்டம்பர் 12 அன்று அடோபி பேட்ச் வெளியிட்டபோதே இதை வைத்துத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. கன்டினியுவஸ் (தொடர்ந்து அப்டேட் ஆகும்) வரிசையில் 23.003.20284 வரை எல்லாம் ஓட்டை, 23.006.20320-ல் மூடப்பட்டது. அதுவும் குறைந்தபட்சம்தான். 2024-லும் விடுவித்த மெமரியை மறுபடி தொடுகிற ஓட்டைகளை மூடினார்கள். கடைசியாக வந்த பேட்சைப் போடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து ஸ்கேனரின் வாயை அடைக்காதீர்கள்.

நிலா_எழில்
ஜாவாஸ்கிரிப்டை அணைக்கச் சொன்னதில் என்ன தப்பு?

பழையவேர்
2009-ல் ஜேபிக் 2 என்ற முறையில் சுருக்கிய படங்களை விரிக்கும் பகுதியில் ஓட்டை வந்தபோதும் முதலில் இதைத்தான் சொன்னார்கள். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலேயே தாக்க முடியும் என்று அப்புறம் தெரிந்தது. எழுத்துரு, படம் என்று எதைப் படிக்கும்போதும் மெமரி பிசகலாம். அணைப்பது நல்லதுதான், ஆனால் பேட்சுக்கு அது மாற்று இல்லை.

தறி
அப்படியானால் ரீடரையே தூக்கிவிட்டு பிரவுசரில் பிடிஎஃப் திறக்கலாமே?

நிலா_எழில்
ஃபயர்ஃபாக்ஸின் ரீடர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது, அதில் இந்த வகை மெமரி பிழைக்கு இடம் குறைவு. ஆனால் அதிலும் 2024-ல் எழுத்துருவைக் கையாளும் இடத்தில் வேறு வகை ஓட்டை வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 126-ல் சரிசெய்தார்கள். எதை வைத்திருந்தாலும் பேட்ச் வேலை ஓயாது.

பழையவேர்
சேண்ட்பாக்ஸை (நிரலைத் தனிக் கூண்டில் அடைத்து ஓட்டும் பாதுகாப்பு) விட்டுவிட்டீர்கள். ரீடரிலும் 2010-லேயே வந்துவிட்டது. யாரும் அதை அணைத்து வைக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாறன்07
பிரவுசர் விவாதத்தை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாமே. தணிக்கை நாளைக்கு. வலைக்காவல், இருக்கிறீர்களா?

வலைக்காவல்
மன்னிக்கவும், ஃபோனில் இருந்தேன். அக்ரோபாட் ரீடர், விண்டோஸ். அந்த 14-லும் 23.003.20284 என்றுதான் காட்டுகிறது. மற்ற கணினிகளில் எண் மாறிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்கிரிப்ட், ஒரே எம்எஸ்பி (விண்டோஸ் பேட்ச்) கோப்பு. முடிந்தது என்றுதான் வந்தது.

மாறன்07
ஸ்கேனர் சரியாகத்தான் சொல்கிறது, பேட்ச்தான் ஏறவில்லை. அந்த 14-லும் இருப்பது 64 பிட் ரீடரா? 32 பிட்டுக்கான எம்எஸ்பி அதில் ஏறாது. 64 பிட் கோப்பின் பெயரிலேயே எக்ஸ்64 என்று இருக்கும். ஸ்கிரிப்ட் சொல்வதை நம்பாமல் இன்ஸ்டாலர் லாகை (நிறுவும்போது எழுதப்படும் பதிவேடு) திறந்து பாருங்கள். 1642 என்று இருந்தால், இந்தப் பேட்சுக்குரிய மென்பொருள் அந்தக் கணினியில் இல்லை என்று பொருள். 3010 என்றால் ஏறிவிட்டது, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி.

ஏற்றி முடிக்கும்வரை அந்தக் கணினிகளில் வெளியிலிருந்து வரும் பிடிஎஃப் எதையும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வலைக்காவல்
1642 தான்! பதினான்கும் 64 பிட். சரியான கோப்பை இறக்குகிறேன்.

நிலா_எழில்
ஜாவாஸ்கிரிப்டைப் பாலிசி (நிர்வாகி ரெஜிஸ்ட்ரியில் வைக்கும் கட்டுப்பாடு) மூலம் அணைத்திருந்தால் அதையும் பாருங்கள். 64 பிட் ரீடர் ரெஜிஸ்ட்ரியில் "அக்ரோபாட் ரீடர்" சாவியைப் படிக்காது, "அடோபி அக்ரோபாட்" என்ற சாவியைத்தான் படிக்கும். பழைய இடத்தில் போட்ட தடை அந்த 14-லும் வேலையே செய்திருக்காது.

வலைக்காவல்
11 முடிந்தது, எண் மாறிவிட்டது. மீதி 3 ஆஃப் ஆகி இருக்கின்றன, காலையில் போடுகிறேன். நன்றி.

மாறன்07
நல்லது. பாலிசி சாவி எங்கே இருந்தது என்று பார்த்தீர்களா?