கண் மங்கினவங்களுக்குக் கேட்கக் குடுக்க: இலவச கிறிஸ்தவ ஒலிநூல்கள், பாவிச்ச ஆக்களின் அனுபவம்

களுவாஞ்சிக்குடி வாசகர்
வயசாளி ஒருவருக்குக் கேட்கக் குடுக்க கிறிஸ்தவ ஒலிநூல் தேவை. காசும் இல்லாமல், களவும் இல்லாமல். வீட்டில பென்டிரைவ் குத்துற சின்ன ரேடியோவும் சாதாரண அன்ட்ரொய்ட் போனும் இருக்கு. தமிழ்தான் முதல், ஆங்கிலத்தில நல்ல பழைய புத்தகம் எண்டாலும் சரி. எங்கே எடுக்கலாம், எங்கே சறுக்கும் எண்டு எழுதுங்க.

வாவிக்கரை
எங்கே எடுக்கிறது எண்டதுக்கு முதல், எதில கேட்கப் போறாங்க எண்டதை முடிவெடுங்க. போனுக்கு நல்லது ரேடியோவுக்கு உதவாது.

போன் எண்டால் பைபிள் டொட் இஸ் அப். 1972இல் தொடங்கின ஃபெய்த் கம்ஸ் பை ஹியரிங் எண்ட அமெரிக்க நிறுவனத்தின்ட அப் அது, தமிழ் இருக்கு. வைஃபை உள்ள இடத்தில புத்தகம் புத்தகமா இறக்கி வச்சா மறுகா டேட்டா தேவையில்ல. ஆனா இறக்கினது அப்புக்குள்ளதான் கிடக்கும். அதை எடுத்து பென்னில போட ஏலாது. யூவேர்ஷன் அப்பிலயும் தமிழ் ஒலி வரும், எழுத்தை இறக்கி வைக்கிற மாதிரி ஒலியை வைக்கலாம் எண்டு மட்டும் நம்பிப் போகாதீங்க. கொழும்பு இரவு ரயிலில புனாணைக் காட்டுக்குள்ள சிக்னல் விட்டு விட்டு வாற இடத்தில அது நிண்டுபோகும்.

இன்னொண்டு. சில பதிவுகள் நாடகப் பாணி. ஆளுக்கொரு குரல், பின்னால இசை, கடல் இரைச்சல். சின்னப் பிள்ளைகளுக்கு நல்லம். காது மந்தமான ஆக்களுக்கு அந்த இசைதான் எதிரி, வசனம் அதுக்குள்ள மூழ்கிப் போகும். ஒற்றைக் குரல் பதிவு இருந்தால் அதையே எடுங்க.

ஓட்டோ ஸ்டாண்ட்
ரேடியோவுக்குப் போடக்கூடிய எம்பி3 வேணுமெண்டால் குளோபல் ரெக்கோர்டிங்ஸ் நெட்வேர்க். 1939இல் தொடங்கினது, வாசிக்கத் தெரியாத ஆக்களுக்கெண்டே ஒலி செய்யிறவங்க. மொழிப் பட்டியலில தமிழை எடுத்தால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கீழ முழுத் தர எம்பி3, குறைந்த தர எம்பி3, படத்தோட ஓடுற வீடியோ எண்டு தனித்தனியா இறக்கலாம். ‘நற்செய்தி’ எண்ட தொகுப்பு 40 படத்துக்கு 40 பகுதி, படைப்பில இருந்து கிறிஸ்துவரைக்கும். வேதத்தை வரிக்கு வரி வாசிக்கிறது இல்ல, கதை சொல்லுற மாதிரி. படம் இல்லாமல் ஒலி மட்டும் கேட்டால் ‘அடுத்த படத்தைப் பாருங்கள்’ எண்டு இடைக்கிடை வரும். அதை முன்கூட்டியே சொல்லி வைங்க, இல்லாட்டி எந்தப் படம் எண்டு கேட்டுக்கொண்டே இருப்பாங்க.

கல்முனை வாசகி
கத்தோலிக்க வீடு என்றால் தேடுகிற சொல்லையே மாற்ற வேண்டும். இங்கே பாதிப் பேர் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்வது இதனால்தான். ‘ஆதியாகமம்’ என்று தேடினால் புரட்டஸ்தாந்து சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு வரும். ‘தொடக்க நூல்’ என்று தேடினால் பூசையில் கேட்கிற திருவிவிலியம் வரும். அதேபோல யாத்திராகமத்துக்கு விடுதலைப் பயணம், சங்கீதத்துக்குத் திருப்பாடல்கள், வெளிப்படுத்தின விசேஷத்துக்குத் திருவெளிப்பாடு. ஐம்பது வருடம் ஒரு மொழிபெயர்ப்பைக் காதால் கேட்டு மனப்பாடமானவருக்கு மற்றதைக் கொடுத்தால் ‘இது பிழையா வாசிக்கிறாங்க’ என்றுதான் சொல்வார்.

66 நூல்களோடு முடிகிற பதிவில் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டும் இருக்காது. கத்தோலிக்கப் பதிவில் 73 இருக்க வேண்டும். இறக்குவதற்கு முன்பு மக்கபேயர் இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்தாலே போதும்.

தினசரிக்கு வத்திக்கான் வானொலியின் தமிழ்ப் பிரிவு, ரேடியோ வெரித்தாஸ் ஆசியாவின் தமிழ்ச் சேவை இரண்டையும் இணையத்தில் கேட்கலாம். வெரித்தாஸைச் சிற்றலையில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அது நின்று வருடங்களாகிறது.

பழைய ரேடியோ
பென்னைப் பற்றி ஒருத்தரும் எழுதல்ல. கிட்டத்தட்ட எல்லாச் சிக்கலும் அங்கதான்.

முதலாவது, ஃபோர்மட், அதாவது பென் கோப்புகளை அடுக்கி வைக்கிற முறை. சின்ன ரேடியோ, ஓட்டோ செட், பஸ் செட் எல்லாம் ஃபாட்32 மட்டும்தான் வாசிக்கும். 64 ஜிபி பென் கடையில இருந்து பெரும்பாலும் எக்ஸ்ஃபாட் ஆகத்தான் வரும். குத்தினால் செட் பேசாமல் நிற்கும். பெரிய பென் தேவையே இல்ல. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் ஒலித்தரம் தாராளம், அதில ஒரு மணித்தியாலம் 29 மெகாபைட் அளவு. 4 ஜிபி பென்னில 130 மணித்தியாலம் போகும். புதிய ஏற்பாடு, பழைய ஏற்பாடு எல்லாம் போட்டாலும் ஒள்ளுப்பம் இடம் மிஞ்சும்.

இரண்டாவது, வரிசை. மத்தேயு 1 முடிய 10 பாடும், மறுகா 11, 12 எண்டு போய் 19 முடிஞ்ச பிறகுதான் 2. பெயரை 1, 2, 3 எண்டு வச்சதால வாறது அது. 001, 002 எண்டு வைங்க. அப்படி வச்சும் குழம்புதா? மலிவு செட்டுகள் பெயரைப் பார்க்கிறதே இல்ல, பென்னில எது முதல் எழுதப்பட்டதோ அதைத்தான் முதல் பாடும். அதால பென்னை வெறுமையாக்கி ஃபோர்மட் பண்ணி, ஒரு புத்தகத்துக்கு ஒரு ஃபோல்டர், மத்தேயு கொப்பி ஆகி முடிஞ்ச பிறகு மாற்கு, அது முடிஞ்ச பிறகு லூக்கா. மொத்தமாப் பிடிச்சு இழுத்துப் போடாதீங்க. விட்டுப்போன ஒரு அதிகாரத்தைப் பிறகு சேர்த்தால் அது கடைசியிலதான் போய்க் குந்தும். ஏற்கெனவே குழம்பின பென்னை ஃபாட்சோர்ட் எண்ட சின்ன மென்பொருள் நேராக்கும்.

மூன்றாவது, கோப்பு நீளம். இதைத்தான் ஆக்கள் கவனிக்கிறதில்ல. கரண்ட் போனால் அல்லது ஓஃப் பண்ணினால் கன செட்டுகள் எந்தப் பாட்டில நிண்டது எண்டதை மட்டும் ஞாபகம் வைக்கும், எந்த நிமிஷம் எண்டதை வைக்காது. மூண்டு மணித்தியாலத்தை ஒரே கோப்பாப் போட்டால் ஒவ்வொரு நாளும் முதலில இருந்துதான். அதிகாரம் ஒரு கோப்பு எண்டால் இழப்பு அஞ்சு நிமிஷம்.

பெயரைத் தமிழில வைக்காதீங்க, செட்டின்ட சின்னத் திரையில கட்டம் கட்டமாத் தெரியும். எம்4பி எண்டு முடியிற கோப்பு இந்தச் செட்டுகளில பாடாது, கொம்பியூட்டரில எம்பி3 ஆக்க வேணும். சத்தம் குறைஞ்ச பதிவை எம்பி3கெய்ன் எண்ட மென்பொருள் உயர்த்தும். அது 89 டெசிபெலில நிற்கும், வயசாளிக்கு 93 அளவுக்கு ஏற்றலாம். அதுக்கு மேல போனால் குரல் கரகரக்கும்.

தாண்டவன்வெளி
ஆங்கிலத்துக்கு லிப்ரிவொக்ஸ். 2005இல் இருந்து தன்னார்வலர்கள் வாசிக்கிறார்கள். இறக்குவதற்கு அட்டை இலக்கமும் மின்னஞ்சலும் கேட்காது. ஜோன் பனியனின் மோட்சப் பிரயாணம், அகுஸ்தீனுடைய அறிக்கைகள், தோமஸ் அ கெம்பிஸின் கிறிஸ்துநாதர் அனுசாரம், ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டனின் நூல்கள் எல்லாம் அங்கே உண்டு. ஒரே புத்தகத்துக்கு இரண்டு மூன்று பதிவு இருக்கும். ‘தனி வாசிப்பு’ என்று குறித்ததை எடுங்கள். கூட்டு வாசிப்பில் அதிகாரத்துக்கு அதிகாரம் குரல் மாறும், ஒருவர் அமெரிக்க உச்சரிப்பு, அடுத்தவர் வேறொன்று. நம் காதுக்கு அது களைப்பு. முதல் அதிகாரத்தை மட்டும் கேட்டுப் பார்த்துவிட்டு முழுப் புத்தகமும் உள்ள சிப் (zip) கோப்பை இறக்குவது புத்தி.

தோமஸ் அ கெம்பிஸின் நூல் 114 சின்ன அதிகாரங்கள். படுக்குமுன் ஒன்று என்று வைத்தால் நான்கு மாதத்துக்குள் முடியும். அறிக்கைகளை முதல் நூலாகக் கொடுக்காதீர்கள். 13 நூல்களில் கடைசி நான்கும் நினைவு, காலம், படைப்பு பற்றிய தர்க்கம், காதால் பின்தொடர்வது கடினம்.

போனில் கேட்க வொய்ஸ் என்ற இலவச ஒலிநூல் அப் போதும். நின்ற இடம், வேகம், தூங்கும் நேரம் மூன்றும் உண்டு. பாட்டு அப்பில் போட்டால் ‘கலைத்துப் பாடு’ பொத்தான் எப்படியோ அமர்ந்துவிடும், ரோமருக்குப் பிறகு ரூத் வரும்.

களுவாஞ்சிக்குடி வாசகர்
யூடியூப்பில கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின்ட முழுப் புத்தகமும் கிடக்கே? கொமினிகேசன் கடையில மெமரி சிப்பில ஏத்தியும் தருவாங்க.

தாண்டவன்வெளி
அது இலவசம் இல்லை அண்ணன், களவு. லூயிஸ் 1963இல் இறந்தார். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருடம் உரிமை நிற்கும், ஆகவே 2033 முடியும்வரை. செஸ்டர்டன் 1936இல் இறந்தவர், அவருக்குச் சிக்கலில்லை. நூல் பழையது என்பதால் மட்டும் பதிவும் பொதுச்சொத்து ஆகாது, வாசித்தவரின் குரலுக்குத் தனி உரிமை உண்டு. லிப்ரிவொக்ஸ்காரர் அதையும் விட்டுக்கொடுத்தே பதிவேற்றுகிறார்கள். ‘30 நாள் இலவசம்’ என்று கார்ட் இலக்கம் கேட்கும் சேவைகளும் வேறு வகை. 31ஆம் நாள் டொலரில் வெட்டும்.

வாவிக்கரை
தமிழ்ப் பழைய நூலுக்கு ஒரு வழி இருக்கு, அரைகுறை வழி. மதுரைத் திட்டத்தில தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் போல எழுத்து வடிவ நூல்கள் இலவசம். போனின்ட கூகிள் பேச்சு அமைப்பில தமிழ்க் குரலை இறக்கி வச்சால் நெட் இல்லாமலும் வாசிக்கும். உரைநடைக்குச் சமாளிக்கலாம், வேகத்தை ஒள்ளுப்பம் குறைச்சு வைங்க. விருத்தத்தை மட்டும் அதுக்கிட்டக் குடுக்காதீங்க. சீர் எங்கே முறியுது எண்டு அதுக்குத் தெரியாது, இரட்சணிய யாத்திரிகம் எழுதின கிருஷ்ணபிள்ளையின்ட பாட்டை மின்சார பில் மாதிரி வாசிக்கும். வீட்டில ராகம் தெரிஞ்ச ஆள் இருந்தால் போனில பதிஞ்சு குடுங்க. ஃபேனை நிற்பாட்டி, மெத்தை உள்ள அறையில, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில வச்சு.

களுவாஞ்சிக்குடி வாசகர்
சங்கீதத்தை பென்னில எப்படிப் போடுறது? 150 கோப்பு, 91க்குப் போக 90 தரம் அமத்த வேணுமே.

பழைய ரேடியோ
ஒரே ஃபோல்டரில போடாதீங்க கா. வேதத்திலயே சங்கீதம் அஞ்சு பாகமாத்தான் இருக்கு: 1–41, 42–72, 73–89, 90–106, 107–150. அஞ்சு ஃபோல்டர் போடுங்க. செட்டில ஃபோல்டர் மாத்துற பொத்தான் இருக்கும், கன செட்டில அடுத்த பாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடிச்சால் அந்த வேலை செய்யும். முதல் ஃபோல்டரில இருந்து மூண்டு தரம் ஃபோல்டர், ஒரு தரம் அடுத்தது, 91 வந்திரும். அந்தப் பொத்தானில ஒரு சொட்டு நெயில் பொலிஷ் காய வச்சு விடுங்க, விரலுக்குத் தட்டுப்படும்.