32 பிட் கர்னலில் 19 ஜிபி முகவரியை மேப் செய்தால் எல்லாப் பிட்டும் 1 ஆகவே வருகிறது

கேள்வி:
வணக்கம். எஃப்பிஜிஏ (தேவைக்கேற்பச் சுற்றமைப்பை மாற்றக்கூடிய சில்லு) வைத்த ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருக்கிறேன். கணினியில் 2 ஜிபி ராம் உள்ளது. பிஏஇ (4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரிகளையும் எட்டும்) வசதியுடன் கூடிய 32 பிட் எக்ஸ்86 கர்னல் ஓடுகிறது. கார்டின் 64 பிட் பார் (கார்டு கணினியின் முகவரி வெளியில் தெரியும் பகுதி) 512 எம்பி அளவுடையது. அது சரியாக 19 ஜிபி முகவரியில் தொடங்குவதாக எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டுகிறது. சாதன முகவரியைக் கர்னலின் மெய்நிகர் வெளியில் மேப் செய்து (பொருத்தித்) தரும் ஐஓரீமேப்பிடம் 512 எம்பியையும் கேட்டால் நல் (வெற்று முகவரி, அதாவது தோல்வி) திரும்புகிறது. விமேப் (மெய்நிகர் இட) ஒதுக்கீடு தோற்றதாகக் கர்னல் பதிவில் ஒரு வரி விழுகிறது. முதல் 4 கேபியை மட்டும் கேட்டால் மேப் ஆகிவிடுகிறது, ஆனால் கார்டின் அடையாள எண் இருக்க வேண்டிய முதல் ரெஜிஸ்டரில் 32 பிட்டும் 1 ஆக வருகின்றன. கார்டை வேறு ஸ்லாட்டில் மாற்றியும் பயனில்லை. மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன், உதவுங்கள்.

பதில்:
வணக்கம். கார்டைச் சந்தேகிக்கும் முன், பாரின் தொடக்க முகவரியாகப் பிசிஐ_ரிசோர்ஸ்_ஸ்டார்ட் தரும் மதிப்பை எந்த வகை மாறியில் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த மாறியை ஐஓரீமேப்புக்குக் கொடுப்பதற்கு முந்தைய வரியில் அச்சிட்டு, என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
அன்சைன்டு லாங் மாறியில் வைத்திருந்தேன். அச்சிட்டால் 19 ஜிபிக்குப் பதிலாக 3 ஜிபி முகவரி வருகிறது.

பதில்:
பிழை அங்கேதான் இருக்கிறது. 32 பிட் கர்னலில் அன்சைன்டு லாங் 4 பைட்டுதான் என்பதால், 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரியின் மேல் பிட்டுகள் கம்பைலர் வாய் திறக்காமலேயே வெட்டுப்பட்டுவிடும். 19இலிருந்து நான்கு முறை 4 கழித்தால் மிஞ்சுவது 3. உங்கள் கணினியில் ராம் 2 ஜிபிதான், 3 ஜிபி முகவரியில் பதில் சொல்ல வேறு சாதனமும் இல்லை என்று தெரிகிறது. யாரும் பதில் தராத பிசிஐ வாசிப்புக்கு எல்லாப் பிட்டும் 1 ஆகத்தான் திரும்பும். மாறியை ரிசோர்ஸ்_சைஸ்_டி வகைக்கு (பிஏஇ கர்னலில் இது 64 பிட்) மாற்றுங்கள். அச்சிடும்போது சதவீதக் குறியுடன் பிஏ என்ற வடிவத்தைப் பயன்படுத்தி, மதிப்பை அல்லாமல் மாறியின் முகவரியைக் கொடுங்கள்.

நல் திரும்புவது வேறு சங்கதி. 32 பிட் எக்ஸ்86 கர்னலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் 1 ஜிபி மெய்நிகர் வெளியில் சுமார் 896 எம்பி ராமின் நேரடி மேப்புக்குப் போய்விட, ஐஓரீமேப்புக்கும் விமாலாக்குக்கும் (கர்னலின் மெய்நிகர் நினைவக ஒதுக்கீட்டுக்கும்) பொதுவாக 128 எம்பி அளவே எஞ்சும். அதற்குள் 512 எம்பி எப்படி அடங்கும்? பூட் அளவுருவில் விமாலாக் பகுதியைக் கூட்டலாம், ஆனால் அந்த அளவுக்கு லோமெம் (நேரடியாக மேப் ஆகும் ராம்) குறைந்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ரெஜிஸ்டர்கள் உள்ள சிறு பகுதியை மட்டும் ஐஓரீமேப் செய்யுங்கள். மீதியைப் படிப்பது பயனர் நிரல் என்றால், டிரைவரின் எம்மேப் செயல்கூறில் ஐஓ_ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் மூலம் அந்த நிரலின் வெளியிலேயே மேப் செய்துவிடலாம். அங்கே 3 ஜிபி இருக்கிறது. ஐஓ_ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் கேட்பது முகவரியை அல்ல, 4 கேபி பக்கத்தின் எண்ணைத்தான்: 19 ஜிபியை 4 கேபியால் வகுத்தால் 49,80,736, இது 32 பிட்டில் தாராளமாக அடங்கும். ஆனால் 12 பிட் வலப்புறம் நகர்த்துவதை ரிசோர்ஸ்_சைஸ்_டி வகையில் இருக்கும்போதே செய்யுங்கள். நகர்த்தும் முன்பே அன்சைன்டு லாங்குக்கு மாற்றினால் பழைய பிழையே திரும்பி வரும்.

மற்றொருவர்:
செயலி 64 பிட் என்றால் கர்னலையே மாற்றிவிடுவது நல்லது. அங்கே நான்கு நிலைப் பக்க அட்டவணையில் விமாலாக் பகுதி மட்டுமே 32 டிபி. பழைய 32 பிட் பயனர் நிரல்கள் அதன்மேலும் ஓடும், டிரைவரில் காம்பேட் ஐஓகன்ட்ரோலை (32 பிட் நிரல்களின் கட்டளைகளை ஏற்கும் செயல்கூறை) மட்டும் மறக்காமல் எழுத வேண்டும்.

கேட்டவர்:
மாறியின் வகையை மாற்றியதும் அடையாள எண் சரியாக வந்துவிட்டது. எம்மேப் வழியில் 512 எம்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிய எண்ணையும் அப்படியே திரும்பப் படிக்க முடிகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.