சீகை ஓடுது, கற்பூரம் நிக்குது. ஏன்?

கோத்தகிரிக்காரன்:
நேத்து ஒரு மகான் இங்கே எழுதிட்டுப் போயிருக்கார்: "அந்நியச் செடி நம்ம காட்டைப் பிடிக்க ஒரே காரணம், அதைத் தின்னும் பூச்சி கூடக் கப்பல் ஏறாததுதான்." ஒரே காரணமாம்! சீகைங்கிற வாட்டில் மரமும், கற்பூர மரம்ங்கிற யூகலிப்டஸும் ஆஸ்திரேலியாதான். ரெண்டும் 1840களில் நீலகிரிக்கு வந்ததுதான். ரெண்டையும் மலை மலையா நட்டாச்சு. சீகை புல்வெளி பூரா ஏறிடுச்சு. கற்பூரம் பெரும்பாலும் நட்ட இடத்துலயே நிக்குது. பூச்சி மகானே, பதில் சொல்லும்.

பூம்பாறையான்:
மகான் நான்தான். சப்பாத்திக்கள்ளி மறந்துபோச்சா? 1926ல இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டாங்க. சமவெளியில ஏக்கர் கணக்குல கிடந்த கள்ளி சுருண்டு விழுந்துச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அப்புறம், தைல மரம் நட்ட இடத்துலயே நிக்குமா? எங்க கொல்லையில ஒண்ணு தானா முளைச்சு ஆளுயரம் நிக்குது.

கோத்தகிரிக்காரன்:
1941ல உண்ணிச்செடிக்கும் பூச்சி கொண்டுவந்தாங்க. முதுமலையில போய்ப் பாரும், புதருக்குள்ள யானை நின்னாலும் தெரியாது. அப்புறம் அந்தக் கொல்லை மரம். பக்கத்துல வெட்டின கட்டை இருக்கா? கற்பூரத்தை வெட்டினா அடிக்கட்டையில அஞ்சாறு துளிர் கிளம்பும். அது முளைச்சது இல்லை, துளிர்த்தது. கற்பூர விதை பொடி மாதிரி, உள்ளே சேமிப்பே கிடையாது. புல்லுக்குள்ள விழுந்தா அவ்வளவுதான். சீகை விதை கல்லு. மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா தூங்கும். மேல தீ ஓடினா ஓடு விட்டு, நாத்தங்கால் மாதிரி எழும்பும். வேர்ல தழைச்சத்தையும் தானே பிடிச்சுக்கும்.

சோலைக்குருவி:
அண்ணா, வெளியிலிருந்து வந்தது, இங்கேயே விதை போட்டு நிலைச்சது, பரவிப் பிடிச்சது மூணும் வேற வேற. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்துல ஒண்ணுதான் போகும்னு வில்லியம்சன்கிற சூழலியல் ஆய்வாளர் ஒரு தோராயக் கணக்கு சொன்னார். எவ்வளவு விதை, எத்தனை தடவை கொட்டினோம்கிறதும் முக்கியம். முதல்ல எந்தப் படியைப் பத்திப் பேசுறோம்னு...

பூம்பாறையான்:
கட்டை இல்லை. நானே பார்த்தேன்.

கோத்தகிரிக்காரன்:
பாடம் அப்புறம் தங்கச்சி. கட்டை இருக்கா இல்லையா? இன்னொண்ணு, அது தைல மரம் இல்லை, கற்பூர மரம். மலைக்காரன் மாதிரி பேசும்.

பூம்பாறையான்:
பழனி மலை மலை இல்லையா? ஊட்டியில ரயில் வந்துட்டா பேர் வைக்கிற உரிமையும் வந்துடுமா?

பழைய வாச்சர்:
சீகைப் பட்டையை உரிச்சு லாரி லாரியா தோல் ஷாப்புக்கு அனுப்பினோம். அப்ப யாரும் அதை அந்நியன்னு சொல்லலை. இப்ப வெட்டுன்னா வெட்டுறாங்க. வெட்டின இடத்துல வெயில் விழும், அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியா வரும்.

பூம்பாறையான்:
அதைத்தான் சொல்றேன். எங்க பக்கம் சீகை நிழல்லயே சோலைக்காட்டு மரக்கன்னு வருது. விட்டுடுங்க.

கோத்தகிரிக்காரன்:
சோலை வருது சரி, புல்வெளி எங்கே? வரையாடு சீகை இலையைத் தின்னு பிழைக்குமா? போன வருஷம் உண்ணிப்பூ படத்தைப் போட்டு "அழகிய காட்டு மலர்"னு எழுதின ஆள்தானே நீர்! கட்டைக்குப் பதில் வரலை.

பூம்பாறையான்:
அந்தப் பழசை இன்னும் விடலையா? இந்தாரும் படம். கட்டை எங்கே, காட்டும்.

கோத்தகிரிக்காரன்:
மரத்தடியில நீல டிரம் இருக்கு. டிரம்முக்குப் பின்னால என்ன?

பூம்பாறையான்:
தண்ணி டிரம். மாமியாரோடது. நிறைஞ்சு கிடக்கு, நகர்த்த முடியாது.

சோலைக்குருவி:
இலை எதிரெதிரா, காம்பில்லாம, சாம்பல் நீலமா இருக்கே. விதையில முளைச்ச கன்னோட இளம் இலை அப்படித்தான் இருக்கும். கட்டைத் துளிர்லயும் அப்படித்தான் வரும். அதனால இந்தப் படத்தை வெச்சு...

கோத்தகிரிக்காரன்:
பாத்தீரா! கட்டைத் துளிர்னு தங்கச்சியே சொல்லிட்டா.

பூம்பாறையான்:
முளைச்ச கன்னுன்னும்தான் சொல்லுது. முழுசாப் படியும்.

கோத்தகிரிக்காரன்:
டிரம்மை நகர்த்தும்.