வெள்ளணு ஒட்டுக்குறைபாடா, பற்றுக்குறையா?

வணக்கம் ஐயா,

ரத்தத்துல இருக்கிற வெள்ளணு குழாய்ச்சுவரைப் பிடிச்சு நிக்க முடியாம போற பிறவி நோய், Leukocyte Adhesion Deficiency (LAD). அதுக்கு தமிழ்ப் பேரா நீங்க முன்வெச்ச 'வெள்ளணு ஒட்டுக்குறைபாடு' இலக்கணப்படி சரிதான், ஆனா 'ஒட்டு' மட்டும் வேணாம்னு கேட்டுக்கறேன். நம்ம ஊர்ல தொத்து நோய்க்கே ஒட்டுவாரொட்டின்னுதான் பேரு. ஒரு கைக்குழந்தையோட ரிப்போர்ட்டை அவங்க அம்மாவுக்கு தமிழ்ல விளக்கிட்டிருந்தேன், ஒட்டுன்னு சொன்னதுமே "பக்கத்துல படுத்தா மூத்தவனுக்கும் ஒட்டிக்குமா"ன்னு முகம் வெளுத்துட்டாங்க. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டருந்தும் பழுதான ஜீன் வந்தாத்தான் இந்த நோய், பக்கத்துல படுத்தா வராது. பேரே அந்த பயத்தைக் கிளப்பக்கூடாது.

நான் சொல்றது 'வெள்ளணுப் பற்றுக்குறை'. வெத்தலைக்கொடி மரத்தைப் பிடிச்சு ஏறுதே, அந்த வேரை பற்றுவேர்னு படிச்சோமில்லையா, அதே பற்று. ரத்தத்தோட வேகமா ஓடிட்டிருக்கிற நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளணு, கிருமி இருக்கிற இடம் வந்ததும் குழாய்ச்சுவரை லேசா தொட்டுத் தொட்டு உருளும், வேகம் குறையும், அப்புறம் கெட்டியா பிடிச்சு நின்னு செல்லுங்களுக்கு நடுவுல நுழைஞ்சு வெளிய போகும்.

இந்தப் பிடி எங்க தப்புதுங்கிறதை வெச்சு நோய்ல மூணு வகை. முதல் வகையில 21வது குரோமோசோம்ல இருக்கிற ஐடிஜிபி2 ஜீன் பழுது, அதனால சிடி18 புரதம் இல்ல, அது இல்லாம வெள்ளணுவுக்கு கை மாதிரி இருக்கிற பீட்டா-2 இன்டெக்ரின் புரதம் எதுவும் செல்லோட மேல வராது, சுவர்ல இருக்கிற ஐகேம்-1ங்கிற புரதத்தை பிடிக்க கையே கிடையாது. வழக்கமா ஒண்ணு ரெண்டு வாரத்துல விழற தொப்புள்கொடி மூணு வாரம் தாண்டியும் ஈரமா தொங்கும், சுத்தி சிவந்திருக்கும், ஆனா ஒரு சொட்டு சீழ் இருக்காது. வெள்ளணு குழாயை விட்டு வெளிய போக முடியாததால ரத்தத்துல பார்த்தா எக்கச்சக்கம். சிடி18 அளவு 2 சதவீதத்துக்குக் கீழ போனா கடுமையான வகை, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் முக்கியமான வழி.

ரெண்டாவது வகைக்கு 'உருளல்குறை'ன்னு தனிப்பேரு கேட்டாரு நண்பர் ஒருத்தர். அதுல ஃபியூகோஸ் சர்க்கரையை செல்லுக்குள்ள இருக்கிற கோல்கிங்கிற பகுதிக்குள்ள கொண்டுபோற புரதம் பழுது, அதனால குழாய்ச்சுவர்ல இருக்கிற செலக்டின் புரதம் பிடிச்சுக்க வேண்டிய சர்க்கரைக் கொக்கி வெள்ளணு மேல இருக்காது, உருளறதே நடக்காது. அதே ஃபியூகோஸ் இல்லாததாலதான் இந்தக் குழந்தைங்களுக்கு பாம்பே ரத்த வகைங்கிற அபூர்வ ரத்த வகையும் சேர்ந்து வருது, 1952ல பம்பாய்ல பெண்டே குழு கண்டுபிடிச்ச வகை. ஆனா உருளறதும் லேசான பிடிதானே, பற்றுங்கிற சொல் அதையும் தாங்கும். மூணாவது வகையில கை இருக்கு, கின்ட்லின்-3ங்கிற புரதம் இல்லாததால இறுகாது. ரத்தம் உறைய உதவற தட்டணுவுக்கும் அதே கதி, அதனால ரத்தக்கசிவும் உண்டு.

கடுமையான வகைக்கு 'பற்றின்மை'ன்னு வெச்சுடலாம்னு இன்னொருத்தர் எழுதியிருந்தார். அது துறவிக்கு சொல்ற சொல்லுங்க, பச்சைக்குழந்தை நோய்க்கு வேணாம். 'கடும் பற்றுக்குறை'ன்னே இருக்கட்டும். செலக்டின், இன்டெக்ரின் மாதிரி மூலக்கூறு பேரை எல்லாம் அப்படியே விட்டுடலாம், ரிப்போர்ட்ல அந்தப் பேருதான் வரும், அம்மாக்கள் அதைத் தேடிப் பார்க்கணும்.