ஸ்கூல்ல இருந்து போன் வந்தா பதறாதீங்க: இங்கிலாந்து பிரைமரி ஸ்கூலும் ‘சேஃப்கார்டிங்’கும்

குடும்பத்தோட இங்கிலாந்து வந்து பிள்ளையைப் பிரைமரி ஸ்கூல்ல சேர்த்திருக்கிறவங்களுக்காக இது. வீடு, பேங்க், ஜி.பி. (குடும்ப டாக்டர்) பத்தியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. ‘சேஃப்கார்டிங்’, அதாவது பிள்ளைங்களைத் தீங்குல இருந்து பாதுகாக்கற ஏற்பாடுன்னு பேச்செடுத்தா மட்டும் “பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, ஜாக்கிரதை”ன்னு பீதியைக் கிளப்பிட்டு நகர்ந்துடறாங்க.

என் கதையையே சொல்றேன். பையன் இயர் 1 (அஞ்சாறு வயசு வகுப்பு) படிக்கும்போது ஒரு நாள் மத்தியானம் ஸ்கூல்ல இருந்து போன். “அம்மா கரண்டியால அடிப்பாங்க”ன்னு டீச்சர்கிட்ட சொல்லியிருக்கான். சாப்பிட அடம்பிடிக்கும்போது கரண்டியைக் காட்டி மிரட்டுவேன். ரெண்டு தடவை பட்டும் இருக்கு. பஸ்ல போகும்போதே கை நடுங்குது, மிரட்டினதை மட்டும் சொல்லலாமா, மொத்தமா மறுத்துடலாமான்னு மனசு கணக்குப் போடுது. கடைசியில உள்ளதைச் சொன்னேன். ஸ்கூல்ல என்கிட்ட பேசின அந்த அம்மா குரலை உயர்த்தல. வீட்ல யார் யார் இருக்கீங்க, உங்க வேலை நேரம் என்ன, தூங்கறீங்களா, உதவிக்கு யாராவது உண்டான்னு கேட்டாங்க. இதைப் பதிவு பண்ணி வெப்போம்னு நேராவே சொன்னாங்க. கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம் நடத்துற பெற்றோர் வகுப்பு ஒண்ணுக்கு போன் நம்பர் கொடுத்தாங்க. அவ்வளவுதான்.

அவங்கதான் அந்த ஸ்கூலோட டெசிக்னேட்டட் சேஃப்கார்டிங் லீட், பிள்ளைங்க பாதுகாப்புக்குப் பொறுப்பானவங்க, சுருக்கமா டி.எஸ்.எல். ஒவ்வொரு ஸ்கூல்லயும் இப்படி ஒருத்தர் இருந்தே ஆகணும். பெரும்பாலும் ரிசப்ஷன் பக்கத்துலயே அவங்க போட்டோ மாட்டியிருக்கும், முதல் நாளே பார்த்து வெச்சுக்கோங்க. பிள்ளை சொன்ன ஒரு வார்த்தை கவலை தர்ற மாதிரி இருந்தா, கேட்டது டீச்சரா இருந்தாலும் மதியச் சாப்பாட்டு மேற்பார்வைக்கு வர்றவங்களா இருந்தாலும் இவங்ககிட்ட சொல்லியே ஆகணும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்”னு பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கவும் கூடாது. அதனால “அந்த டீச்சருக்கு நம்மளைப் பிடிக்கல, போட்டுக்கொடுத்துட்டாங்க”ன்னு நினைக்காதீங்க. சொல்லாம விட்டா அவங்க வேலைக்கே சிக்கல்.

இவ்வளவு கறாருக்குப் பின்னாடி ஒரு குழந்தை இருக்கா. விக்டோரியா கிளிம்பியே. ஐவரி கோஸ்ட்ல பிறந்து, பாட்டி முறை உறவுக்காரி ஒருத்தியோட லண்டன் வந்தவ. அந்த உறவுக்காரியும் அவ கூட வாழ்ந்த ஆளும் செஞ்ச சித்திரவதையில 2000-ல விக்டோரியா இறந்தப்ப வயசு 8. ஆஸ்பத்திரி, போலீஸ், கவுன்சில்னு எத்தனையோ பேர் அவளைப் பார்த்திருந்தாங்க, ஒருத்தர் பார்த்ததை இன்னொருத்தர் சேர்த்து வெச்சுப் பார்க்கல. அவ சாவைப் பத்தி நடந்த விசாரணைக்கு அப்புறம் வந்ததுதான் 2004 சில்ட்ரன் ஆக்ட்ங்கற குழந்தைகள் சட்டம். சின்ன விஷயத்தையும் எழுதி வெக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

அடி விஷயம். ஸ்காட்லாந்துல 2020-லயும் வேல்ஸ்ல 2022-லயும் பிள்ளையை அடிக்கிறது முழுசா சட்டவிரோதம் ஆயிடுச்சு. இங்கிலாந்துல ‘நியாயமான தண்டனை’ங்கற வாதம் சட்டத்துல இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, ஆனா காயம் ஏற்பட்டா அது எடுபடாது. அதை நம்பி கையை ஓங்காதீங்க. “நாங்கெல்லாம் அடி வாங்கி வளர்ந்தவங்கதானே”ன்னு டி.எஸ்.எல். முன்னாடி சொல்லி வைக்காதீங்க, அதுவும் பதிவாகும்.

விஷயம் பெருசுன்னு ஸ்கூல் நினைச்சா கவுன்சிலுக்குத் தகவல் போகும். அடுத்து என்ன செய்யறதுன்னு கவுன்சிலோட சோஷியல் ஒர்க்கர் ஒரு வேலை நாளுக்குள்ள முடிவு பண்ணணும். குடும்பத்துக்கு உதவி தேவையான்னு பார்க்கறது ஒரு வழி, பிள்ளைக்குக் கடுமையான தீங்கு நடக்குதான்னு விசாரிக்கறது இன்னொரு வழி. மதிப்பீடுன்னு ஆரம்பிச்சா 45 வேலை நாள் வரைக்கும் போகலாம். பிள்ளையைப் பிரிச்சு எடுக்கற அதிகாரம் ஸ்கூலுக்குக் கிடையாது. பொதுவா அதுக்குக் கோர்ட் உத்தரவு வேணும். அவசர ஆபத்துன்னா போலீஸ் 72 மணி நேரம் வரைக்கும் பாதுகாப்புல வெக்கலாம். இங்கிலீஷ்ல தடுமாறினா தமிழ் இன்டர்பிரட்டர் கேளுங்க. பெரிய பிள்ளையை மொழிபெயர்க்க வெக்காதீங்க.

இப்ப, நம்ம ஆளுங்க செய்யற மகா தப்புக்கு வர்றேன். “வீட்ல நடக்கறதை ஸ்கூல்ல சொல்லக் கூடாது, சரியா?” ஆறு வயசுப் பிள்ளை அடுத்த நாளே போய் “அம்மா சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க”ன்னு ஆரம்பிக்கும். கரண்டியை விட அந்த ஒரு வரிதான் டி.எஸ்.எல்.லை உட்கார வெச்சு எழுத வெக்கும். அது கூடப் போகட்டும். மறைக்கப் பழகின பிள்ளை, வேற யாராவது தொடக்கூடாத இடத்துல தொட்டாலும் வாயைத் திறக்காது. உள்ளாடை மூடுற இடம் அவங்கவங்களுக்குச் சொந்தம்னு என்.எஸ்.பி.சி.சி.ங்கற குழந்தைப் பாதுகாப்புத் தொண்டு அமைப்போட ‘பேன்ட்ஸ்’ பாடத்தைப் பல ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்க. அதையே வீட்ல தமிழ்லயும் சொல்லுங்க. பிள்ளைங்களுக்கான உதவி லைன் சைல்டுலைன் 0800 1111, காசில்லாம அவங்களே பேசலாம்.

ரெண்டு பேரும் கேர் ஹோம்லயோ ஆஸ்பத்திரியிலயோ ஷிஃப்ட் பார்க்கறவங்களுக்கு. “ராத்திரி நானும் தங்கச்சியும் மட்டும்தான் இருந்தோம்”னு பிள்ளை சொன்னா கண்டிப்பா போன் வரும். எந்த வயசுல தனியா விடலாம்னு சட்டத்துல எண் கிடையாது, ஆனா ஆபத்துல விட்டா குற்றம். 12 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளையை நீண்ட நேரம் தனியா விடாதீங்கன்னும், 16-க்குக் கீழன்னா ராத்திரி முழுக்க விடவே வேண்டாம்னும் என்.எஸ்.பி.சி.சி. சொல்லுது. ஷிஃப்டை மாத்திப் போடச் சொல்லி மேனேஜர்கிட்ட கேட்கறது சங்கடம்தான், கேளுங்க.

அதே மாதிரி, பிள்ளையைச் “சித்தப்பா வீட்ல” விட்டுட்டு மாசக்கணக்கா ஊருக்குப் போறவங்க கவனிங்க. அப்பாவோட கூடப்பிறந்த தம்பின்னா பரவாயில்ல. ஆனா நமக்கு ஒண்ணு விட்ட தம்பியும் சித்தப்பா, ரூம்மேட்டும் சித்தப்பா. இங்க சட்டம் அப்படிப் பார்க்காது. தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவங்க, பெற்றோரோட கூடப்பிறந்தவங்க மாதிரி நெருங்கின உறவா இல்லாத வீட்ல 16 வயசுக்குட்பட்ட பிள்ளை 28 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா ‘பிரைவேட் ஃபாஸ்டரிங்’. கவுன்சிலுக்கு முன்கூட்டியே சொல்லணும்.

சின்னக் குழந்தைங்களுக்கு முதுகுலயும் புட்டத்துலயும் பிறவியிலயே நீல நிறத் திட்டு இருக்கும் இல்லையா? நம்ம பிள்ளைங்களுக்குச் சகஜம், பழக்கமில்லாதவங்களுக்குக் கன்னிப்போன காயம் மாதிரி தெரியும். ஹெல்த் விசிட்டர் (சின்னக் குழந்தைங்களைக் கவனிக்கிற நர்ஸ்) இல்லேன்னா ஜி.பி.கிட்ட காட்டி ரெட் புக்ல, அதாவது குழந்தையோட ஹெல்த் பதிவுப் புத்தகத்துல எழுதி வாங்குங்க, நர்சரியிலயும் சொல்லி வெச்சிடுங்க. சாயங்காலம் யார் கூட்டிட்டுப் போவாங்கங்கற லிஸ்ட்ல பேர் இல்லாத நண்பரை அனுப்பினா கேட்ல நிக்க வெச்சிடுவாங்க, கோவிச்சுக்காதீங்க.

இந்தக் கதவு நம்ம பக்கமும் திறக்கும். வேற பிள்ளை உங்க பிள்ளையை அடிக்குது, நிறத்தைச் சொல்லிக் கேலி பண்ணுதுன்னா அதே டி.எஸ்.எல்.கிட்ட போங்க. ஸ்கூல்ல வேலை பார்க்கிற ஒருத்தர் மேலயே சந்தேகம்னா ஹெட் டீச்சர்கிட்டயும், ஹெட் மேலயேன்னா ஸ்கூலை மேற்பார்வை பார்க்கிற கவர்னர் குழுத் தலைவர்கிட்டயும் சொல்லலாம்.

உங்களைப் பத்தி ஸ்கூல்ல என்ன எழுதி வெச்சிருக்காங்கன்னு எழுத்துல கேட்கலாம், பொதுவா ஒரு மாசத்துல பதில் தரணும். பிள்ளைக்குத் தீங்கு வரும்னு நினைக்கிற பகுதி மாதிரி சிலதை மறைக்கலாம். நானும் கேட்டு வாங்கினேன். ஆறே வரி. அம்மா மறைக்காம பேசினாங்கன்னு ஒரு வரி இருந்துச்சு. என் பேர்ல ஒரு எழுத்து தப்பு, திருத்தச் சொல்லி மறுபடி மெயில் போட்டேன்.