உதவி: கோஹா போட்டேன், அப்பாச்சி பக்கம்தான் வருகிறது (அவசரம், சனிக்கிழமைக்குள்)

பட்டர்வொர்த்_பையன் | செவ்வாய், இரவு 11.42

வணக்கம். நான் படித்த தமிழ்ப்பள்ளியின் நூலகத்துக்கு கோஹா (நூலக மேலாண்மை மென்பொருள்) போட்டுக் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எல்லாம் ஓடி முடிந்துவிட்டது, பிழை எதுவும் வரவில்லை. ஆனால் பிரௌசரில் திறந்தால் "இட் வொர்க்ஸ்" என்ற அப்பாச்சி (வலைச் சேவையகம்) பக்கம் மட்டும்தான் வருகிறது. மூன்று முறை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன், அதே கதை. சனிக்கிழமை தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் பார்க்க வருகிறார்கள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

செந்தூல்வாசி | செவ்வாய், இரவு 11.58

நினைவகம் எவ்வளவு? 1 ஜிபி உள்ள வாடகை சர்வரில் போட்டிருந்தால் சிக்கல் வரும். மரியாடிபி (தரவுத்தளம்), ஜீப்ரா (தேடல்), பிளாக் (பக்கங்களை வேகமாகத் தருவது) மூன்றும் சேர்ந்தால் இடம் போதாது. கெர்னல் பெரும்பாலும் மரியாடிபியைத்தான் நிறுத்தும். 2 ஜிபி ஸ்வாப் (வட்டில் ஒதுக்கும் கூடுதல் நினைவகம்) கொடுத்துப் பாருங்கள்.

பேராய்_குமார் | புதன், காலை 6.20

ஃபயர்வால் திறந்திருக்கிறதா? 80, 8080 இரண்டும் வேண்டும். போன வருடம் எனக்கு இதே பிரச்சினை வந்தது, ஃபயர்வால்தான் காரணம்.

மலர்_நூலகர் | புதன், காலை 7.05

தம்பி, ஃபயர்வால் மூடியிருந்தால் அப்பாச்சி பக்கமே வந்திருக்காது. சில விவரம் சொல்லுங்கள்: டெபியனா உபுண்டுவா, எந்தப் பதிப்பு? பள்ளியிலேயே இருக்கிற கணினியா, வெளியே வாடகைக்கு எடுத்ததா? பிரௌசரில் என்ன முகவரி அடிக்கிறீர்கள், ஐபி எண்ணா, பெயரா? நூலகத் தளத்தை உருவாக்கும் கோஹா-கிரியேட் கட்டளை ஓடியபோது கடைசியாக என்ன வரி வந்தது?

ஜார்ஜ்டவுன்_லினக்ஸ் | புதன், காலை 9.31

இதே கேள்வியை இங்கே நான்கு தடவையாவது பார்த்திருக்கிறேன். நிறுவல் வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே விடை இருக்கிறது. அப்பாச்சியில் ரீரைட், சிஜிஐ மாட்யூல்கள் இல்லாவிட்டால் கோஹா-கிரியேட் தொடக்கத்திலேயே நின்றுவிடும். எம்பிஎம்-ஐடிகே மாட்யூலும் வேண்டும். ஹெடர்ஸ், ப்ராக்ஸி-எச்டிடிபி வேண்டும். லாக் கோப்பைத் திறந்து படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் சர்வர் வைப்பதைவிடப் பணம் கொடுத்து யாரையாவது வைத்துச் செய்துகொள்வது நல்லது.

பாயான்லெப்பாஸ்_ரவி | புதன், காலை 10.14

ஒரு பள்ளிக்கு எதற்குக் கோஹா? ஸ்லிம்ஸ் என்று இன்னொரு நூலக மென்பொருள் இருக்கிறது, அதைப் போடுங்கள். 2007-இல் இந்தோனேசியக் கல்வி அமைச்சின் நூலகத்தில் பிறந்தது. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் இருந்தால் போதும், பத்து நிமிட வேலை. முகப்பு மலாய்க்கு நெருக்கமான இந்தோனேசிய மொழியில் இருப்பதால் பள்ளியில் எல்லோருக்கும் புரியும்.

மலர்_நூலகர் | புதன், காலை 10.40

ரவி, ஸ்லிம்ஸ் நல்ல மென்பொருள், நானும் ஒரு சிறிய நூலகத்துக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தம்பி கேட்டது அதுவல்ல. பாதி வேலை முடித்தவரைத் திசை திருப்பினால் சனிக்கிழமைக்குள் இரண்டுமே இருக்காது.

கோஹா பெரிய நூலகங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற வட்டாரத்தின் பொது நூலகங்களுக்காகத்தான் அது எழுதப்பட்டது. அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்ததும் புதிதாக ஒன்றை எழுதச் சொல்லி, 2000 ஜனவரி 3-இல் ஓடவிட்டார்கள். பிறகு எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு.

பட்டர்வொர்த்_பையன் | புதன், இரவு 9.17

மன்னிக்கவும், வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். டெபியன் 12. பள்ளியின் பழைய மேசைக் கணினி, 4 ஜிபி. நூலக அறையிலேயே இருக்கிறது. பக்கத்துக் கணினியிலிருந்து 192.168 என்று தொடங்கும் எண்ணை அடிக்கிறேன். தளப்பெயர் எதுவும் வாங்கவில்லை. முதல் தடவை "லைப்ரரி" என்ற பெயரில் கோஹா-கிரியேட் எதுவும் சொல்லாமல் முடிந்தது. இரண்டாம் தடவை "பயனர் ஏற்கெனவே இருக்கிறார்" என்ற பொருளில் ஒரு வரி வந்தது. ஏற்கெனவே இருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். அப்புறம் கோஹா-சைட்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் 8080 என்று மாற்றினேன், அதனாலும் ஒன்றும் ஆகவில்லை.

மலர்_நூலகர் | புதன், இரவு 9.55

தம்பி, விடை இதில்தான் இருக்கிறது.

நீங்கள் மூன்று முறை அழித்தது கோஹா பொதியை மட்டும்தான். முதல் தடவை உருவாக்கிய "லைப்ரரி" என்ற நூலகத் தளம் அப்படியே உள்ளே இருக்கிறது. அதை நீக்கத் தனியாகக் கோஹா-ரிமூவ் என்று ஒரு கட்டளை உண்டு. அது நீங்காததால்தான் பயனர் ஏற்கெனவே இருக்கிறார் என்று சொல்லி நின்றுவிட்டது. அதாவது முதல் தடவைக்குப் பிறகு எதுவும் நடக்கவே இல்லை.

அடுத்தது, கோஹா-சைட்ஸ் கோப்பு. அதைக் கோஹா-கிரியேட் ஓடுகிற அந்த ஒரு நேரத்தில் மட்டும்தான் படிக்கும். பிறகு அதில் எதை மாற்றினாலும் ஏற்கெனவே உருவான தளத்துக்குத் தெரியாது. உங்கள் தளம் உருவானபோது அந்தக் கோப்பில் மாதிரிக்குக் கொடுத்திருந்த தளப்பெயர் அப்படியே இருந்திருக்கும். அப்பாச்சி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் கோஹாவைக் காட்டும். நீங்கள் ஐபி எண்ணால் கூப்பிடுகிறீர்கள், அதனால் தன் சொந்தப் பக்கத்தைக் காட்டுகிறது.

இன்னும் ஒரு புத்தகமும் ஏற்றவில்லை என்றால் கோஹா-ரிமூவ் போட்டு நீக்குங்கள். கோஹா-சைட்ஸில் ஊழியர் பக்கத்துக்கு 8080, வாசகர் பக்கத்துக்கு 80 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாச்சியின் போர்ட்ஸ் கோப்பில் "லிசன் 8080" என்று ஒரு வரி சேருங்கள். இதைப் பலர் மறக்கிறார்கள். பிறகு கோஹா-கிரியேட், அதில் கிரியேட்-டிபி விருப்பத்துடன். கடைசியாக அப்பாச்சியின் 000-டிஃபால்ட் தளத்தை முடக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

அதன் பிறகு வெறும் ஐபி எண்ணை அடித்தால் பராமரிப்பில் இருக்கிறது என்று ஒரு பக்கம் வரும். பயப்பட வேண்டாம், நிறுவல் முடியும்வரை வாசகர் பக்கம் அப்படித்தான் சொல்லும். 8080-ஐச் சேர்த்து அடியுங்கள், நிறுவல் பக்கம் வரும். பயனர் பெயர் கோஹா_லைப்ரரி. கடவுச்சொல் வேண்டுமானால் கோஹா-பாஸ்டபிள்யூடி (koha-passwd) கட்டளைக்குப் பின்னால் தளத்தின் பெயரைக் கொடுங்கள், காட்டும்.

ரௌட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான ஐபி கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மின்சாரம் போய் வந்த மறுநாள் வேறு எண்ணில் இருக்கும்.

செந்தூல்வாசி | புதன், இரவு 10.20

4 ஜிபி என்றால் சரி. ஆனாலும் ஸ்வாப் இருக்கட்டும்.

ஜார்ஜ்டவுன்_லினக்ஸ் | புதன், இரவு 10.48

நீக்கத் தேவையே இல்லை. சைட்ஸ்-அவைலபிள் கோப்புறையில் லைப்ரரி என்ற கோப்பைத் திறந்து இரண்டாவது விர்ச்சுவல்ஹோஸ்டின் (ஊழியர் பக்கத்துக்கான பகுதி) 80-ஐ 8080 ஆக்கி, லிசன் வரியைச் சேர்த்து, 000-டிஃபால்ட்டை முடக்கினால் போதும். அடிப்படை தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

மலர்_நூலகர் | புதன், இரவு 11.02

அதுவும் சரியான வழிதான், புத்தகம் ஏற்றிய பிறகு என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஐயா, இந்தப் பையன் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யவில்லை. வேலை முடிந்து வந்து தான் படித்த பள்ளிக்காக இரவில் உட்கார்ந்திருக்கிறார். அடிப்படை தெரியாதவர்கள் தொடக் கூடாது என்றால் நம் பள்ளி நூலகங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்க வேண்டியதுதான். உங்களுக்குத் தெரிந்ததை அந்தக் கடைசி வரி இல்லாமலும் சொல்லலாம்.

பட்டர்வொர்த்_பையன் | வியாழன், இரவு 8.36

வந்துவிட்டது!! லிசன் வரி இல்லாமல்தான் இருந்தது. மிக்க நன்றி அக்கா. எக்செலில் இருக்கிற 2,300 புத்தகத்தையும் இன்றிரவே ஏற்றிவிடுகிறேன்.

மலர்_நூலகர் | வியாழன், இரவு 8.41

நில்லுங்கள் தம்பி! ஏற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

கோஹாவின் ஜீப்ரா தேடல் பொதியில் வருகிறபடியே இருந்தால் இலத்தீன் எழுத்துக்கான பட்டியலை வைத்துத்தான் சொற்களைப் பிரிக்கும். அதில் தமிழ் எழுத்து இல்லை. புத்தகம் உள்ளே இருக்கும், பார்கோடு அடித்தால் இரவல் கொடுக்கலாம், தலைப்பைத் தமிழில் தேடினால் மட்டும் வராது. எனக்கு இது நடந்திருக்கிறது. திறப்பு விழா அன்று எல்லோர் முன்னாலும் ஒரு பெரியவர் தமிழில் தலைப்பைத் தட்டினார், ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தப் புத்தகம் அவர் கைக்கு எட்டுகிற தட்டில் இருந்தது. "அப்போ தமிழுக்கு இது ஆகாதா?" என்று கேட்டார். எனக்கு அன்று பதில் தெரியவில்லை.

ஆகும். கோஹாவின் அமைப்புக் கோப்புறையில் ஜீப்ராடிபி, அதற்குள் ஈடிசி, அதற்குள் டிஃபால்ட்-ஐடிஎக்ஸ் என்று ஒரு கோப்பு. அதில் "சார்மேப்" என்று தொடங்கும் வரிகளில் வேர்ட்-ஃப்ரேஸ்-யுடிஎஃப் கோப்பைச் சுட்டுகிறவற்றை எடுத்துவிட்டு "ஐசியூசெயின்" வரிகளைப் போட வேண்டும் (ஐசியூ என்பது பல மொழி எழுத்துகளையும் கையாளும் யூனிகோடு கருவி). கோஹா நிர்வாகப் பக்கத்தின் அமைப்பு விருப்பங்களில் ஐசியூ என்று தேடினால் ஒரு விருப்பம் வரும், அதையும் இயக்குங்கள். ஒன்றை மட்டும் செய்தால் போதாது. பிறகு ஜீப்ராவை மறுபடி தொடங்கி, தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டும் கோஹா-ரீபில்ட்-ஜீப்ராவை முழுமையாக ஓடவிடுங்கள்.

எக்செல் எந்த எழுத்துருவில் இருக்கிறது? பழைய பாமினி போன்றது என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் "ஔ" வருகிற சொற்களைக் கண்ணால் பாருங்கள். "கௌ" என்பதை ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்று எழுத்தாகத் தட்டி வைத்திருப்பார்கள். திரையில் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் அகப்படாது. துணைக்கால் வர வேண்டிய இடத்தில் "ர" இருப்பதும் அப்படித்தான்.

பேராய்_குமார் | வியாழன், இரவு 9.10

ஆசிரியர் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்க் (நூலகப் பதிவு வடிவம்) பதிவில் ஆசிரியருக்கான 100-ஆம் புலத்தில் "முருகன், ச." என்று திருப்பிப் போட வேண்டும். அதுதான் முறை.

பாயான்லெப்பாஸ்_ரவி | வியாழன், இரவு 9.26

ஏன் திருப்ப வேண்டும்? "ச" என்பது அப்பா பெயரின் முதலெழுத்து, குடும்பப் பெயர் இல்லை. மலாய்ப் பெயர்களை யாரும் திருப்புவதில்லையே. அட்டையில் "ச. முருகன்" என்றால் பிள்ளைகள் அப்படித்தான் தேடுவார்கள்.

பேராய்_குமார் | வியாழன், இரவு 9.33

தேடுவதற்கு எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். வரிசைப்படுத்தும்போதுதான் பிரச்சினை. திருப்பாமல் விட்டால் "ச"வில் தொடங்குகிற எல்லோரும் ஒரே இடத்தில் குவிவார்கள், முருகனை யார் கண்டுபிடிப்பது?

ஜார்ஜ்டவுன்_லினக்ஸ் | வியாழன், இரவு 9.50

குமார் சொல்வது சரி. சர்வதேச நூலகங்கள் தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் பெயர்த்துத் திருப்பித்தான் போடுகின்றன. தமிழ் எழுத்தை 880-ஆம் புலத்தில் இணைக்கிறார்கள். தரம் என்று ஒன்று இருக்கிறது.

பாயான்லெப்பாஸ்_ரவி | வியாழன், இரவு 10.04

பத்து வயதுப் பிள்ளை, கீழ்ப்புள்ளியும் மேற்கோடும் போட்ட ரோமன் எழுத்தில் பெயரைத் தேடுமா? தமிழ்ப்பள்ளியில் தமிழ்ப் புத்தகத்துக்குத் தமிழ்தான் முதலில் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மலர்_நூலகர் | வியாழன், இரவு 10.22

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் தமிழ் எழுத்திலேயே "முருகன், ச." என்று 100-இல் போடுகிறேன். அட்டையில் இருக்கிறபடி "ச. முருகன்" என்பது தலைப்புக்கான 245-இல், பொறுப்புக் கூற்றாக (எழுதியவர் யார் என்ற பகுதி) வருகிறது. வரிசையும் கெடாது, பிள்ளைக்குப் பழகிய பெயரும் திரையில் இருக்கும். மற்ற நூலகங்களுடன் பதிவு பகிர்வதாக இருந்தால் மட்டும் ரோமன் எழுத்தைப் பற்றி யோசிக்கலாம். எதை எடுத்தாலும் 2,300-க்கும் ஒரே முறை இருக்கட்டும்.

தம்பி, முதலில் 20 புத்தகம் மட்டும் ஏற்றிப் பாருங்கள். 952-இல் பிரதியின் விவரமும் 942-இல் நூலா, இதழா என்ற வகையும் இல்லாமல் ஏற்றினால் பின்னால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டிவரும். தமிழ் இலக்கியத்துக்கு டியூவி (நூல்களைப் பகுக்கும் முறை) எண் 894.811. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்ணைப் போட்டுவிடாதீர்கள், தட்டில் ஒரு சுவரே அதுவாகிவிடும். கதை, கவிதை, நாடகம் என்றாவது பிரியுங்கள்.

செந்தூல்வாசி | வெள்ளி, காலை 8.15

ரீபில்ட் ஓடும்போது நினைவகத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பேராய்_குமார் | சனி, மாலை 5.30

தம்பி, என்ன ஆச்சு? பார்வை முடிந்ததா?

பட்டர்வொர்த்_பையன் | திங்கள், இரவு 10.51

தாமதத்துக்கு மன்னிக்கவும். 2,300-இல் 640 புத்தகம்தான் ஏறியிருக்கிறது, மீதி எழுத்துருச் சிக்கல். ஐசியூ மாற்றியதும் தமிழ்த் தேடல் வேலை செய்கிறது. சனிக்கிழமை தலைமையாசிரியர் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியை அழைத்து, உனக்குப் பிடித்ததைத் தேடு என்றார். "யானை" என்று அடித்தாள். நான்கு புத்தகம் வந்தது. ஒன்றைத் தட்டிலிருந்து அவளே போய் எடுத்து வந்தாள். எல்லோருக்கும் நன்றி.

மலர்_நூலகர் | திங்கள், இரவு 11.08

மிகவும் மகிழ்ச்சி தம்பி. தினமும் இரவில் கோஹா எடுக்கிற காப்பு நகல் அதே கணினியின் ஸ்பூல் கோப்புறையில்தான் விழும். வாரத்துக்கு ஒரு முறையாவது அதை ஒரு பென்டிரைவில் எடுத்துப் பொறுப்பாசிரியர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். பழைய கணினி என்றீர்கள்.